மச்சான் பார்க்காத வேலை

அவர் என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை "மறுக்கா." நான் தைத்துக் கொண்டுபோன துணியை மேசைமேல் விரித்தார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து நடுத்தையலில் செருகிக் கிழித்துவிட்டார்.

"என்ன குறை கண்டீரு?" என்றேன்.

"குறை ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"பெறகு எதுக்குக் கிழிச்சீரு?"

"ஒரு தடவை நல்லா வந்துட்டா, அது உனக்குத் தெரிஞ்சு வந்துதா, தானா வந்துதான்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுக்கா தைச்சிக் கொண்டா ஏளா."

அப்போது நான் சாமியார்மாருக்கு அங்கி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்குத் தெருவே பயப்படும். அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் அதைக் காதில் வாங்காமல் அடுத்த துணியை விரிக்கப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து, வைதுகொண்டே, மறுக்கா தைத்தேன்.

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றைக்கு உறவு கொண்டாட ஆள் வரும். இருந்தபோது ஒருத்தரும் வரவில்லை. ஊர் அவரை மறுக்கா என்றுதான் கூப்பிட்டது. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கத்தும். பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒரே பாவத்தை இரண்டு தடவை சொல்லுகிறார் என்று பங்குச் சாமியாரே சிரித்ததாகக் கேள்வி.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் பறந்த அந்த விமானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலாளியின் துணிச்சல் என்கிறார்கள். இல்லாவிட்டால் பைலட்டின் சாமர்த்தியம் என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துணிச்சலும் சாமர்த்தியமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கடலைத் தாண்டியிருந்தால் அத்தனை பேரும் மீனுக்கு இரையாகியிருப்பார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ராணுவம் தனக்கு வேண்டாத விமானங்களை ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் முதலாளி ஒருவர், கொழும்புக்கு உப்பும் கருவாடும் மிளகாயும் தோணியில் அனுப்புகிறவர், இரண்டு விமானங்களை எடுத்தார். பனங்காட்டிலிருந்து வந்து கடை வைத்துப் பெரிய ஆளானவர். ஊரே அவரை அண்ணாச்சி என்னும். ஒரு விமானம் எப்படியோ இருமிக்கொண்டே பறந்து வந்து இறங்கி, அதோடு படுத்துவிட்டது. இன்னொன்று இலங்கையில் விழுந்து கிடந்தது. அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் தோணியில் கொண்டுவந்தார்கள். இறக்கை தோணியின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற தோணிச் சொந்தக்காரச் சம்மாட்டிமார் "தோணிக்கு றெக்கை முளைச்சிட்டுல்லா!" என்று கூவினார்கள்.

இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். குண்டும் பெட்டியும் ஏற்றின வயிற்றில் நாற்காலி போட்டு, ஜன்னல் வைத்து, கொழும்புக்குப் போகிற வியாபாரிகளையும் தோட்டத்துக் கங்காணிகளையும் ஏற்ற வேண்டும். இதுதான் அண்ணாச்சியின் கணக்கு. அதற்காகத்தான் மறுக்காவைக் கூட்டிவந்தார். எங்கள் கடற்கரைக்காரர்தான். சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போய், யுத்தம் முழுவதும் பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கிற இடத்தில் இருந்தவர். மேஸ்திரியாக நுழைந்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினவர். கல்யாணம் இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஊருக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, ராணுவம் அவசரத்துக்குப் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையும் தகரக் கொட்டகையும் இருந்தது. அங்கேயே ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

விமானம் முழுக்கத் தகரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உடம்பும் இறக்கையும் அலுமினியம். அதைத் திருப்புகிற பாகங்கள், இறக்கையின் பின் ஓரத்திலும் வாலிலும் அசைகிறவை, சட்டத்தின்மேல் துணி போர்த்தினவை. துணியைத் தைத்து இழுத்து மாட்டி, அதன்மேல் ஒரு வார்னிஷ் பூசுவார்கள். பழுத்த வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் கலந்த நெடி அடிக்கும். காய்ந்தால் துணி முரசுத்தோல் மாதிரி விறைக்கும். "இது கிழிஞ்சா என்ன ஆகும்?" என்று ஒரு தடவை கேட்டேன். "திருப்ப நினைச்ச பக்கம் திரும்பாது" என்றார். அதற்குப் பிறகு மறுக்கா என்றால் நான் ஏசுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

கொட்டகையில் அவர் வைத்த ஒரு ஏற்பாடு வேறு எந்த ஊரிலும் இருந்திருக்காது. எங்கள் பக்கத்தில் முத்துக்குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கும்போது அவன் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவன் அவன் மச்சான், பெண்டாட்டியோடு பிறந்தவன். தன் அக்காளோ தங்கச்சியோ தாலி அறுக்கக் கூடாதே என்று அவன் கயிற்றை விடமாட்டான். அந்த வழக்கத்தை இவர் கொட்டகைக்குள் கொண்டுவந்தார். ஒருத்தன் ரிவெட் அடித்தால் அவன் மச்சான்தான் அதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஆள் எடுக்கும்போதே "உனக்கு மச்சான் உண்டாலே?" என்றுதான் கேட்டார். இல்லை என்றவனைத் திருப்பி அனுப்பினார்.

அண்ணாச்சிக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "ரெண்டு ஆள் கூலிக்கு ஒரு வேலைதான் நடக்குது. எதுக்குவே மச்சான்?"

"மச்சானுக்கு ரெண்டு குணம் உண்டு. கயித்தை விடமாட்டான். குறை சொல்லாம இருக்கவும் மாட்டான். எனக்கு ரெண்டும் வேணும்."

எனக்கு மச்சானுக்குப் பதில் நாத்தனாரைப் போட்டார். என் புருஷனின் தங்கச்சி. அவளுக்கும் எனக்கும் அடுப்பங்கரையில் ஆரம்பித்த சண்டை கோயில் வாசல் வரை வந்த காலம் அது. அவள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு என் தையல்மேல் கண்ணை வைத்தாள். "மதினி, இங்கன ஒரு தையல் தள்ளி விழுந்திருக்கு." "மதினி, நூலு முறுக்கு விட்டிருக்கு." நாள் முழுக்க இதே பாட்டு. ஒரு நாள் ஊசியை எறிந்துவிட்டு அவரிடம் போனேன்.

"அவ வேணும்னே சொல்லுதா."

அவர் வந்து பார்த்தார். "தையல் தள்ளி விழுந்திருக்கா இல்லியா?"

"விழுந்திருக்கு."

"அப்ப வேணும்னே சொன்னா என்ன, வேண்டாம்னு சொன்னா என்ன? பிரி."

நாத்தனார் அன்றைக்குச் சோற்றை அப்படி ஒரு ருசியோடு சாப்பிட்டாள்.

பெங்களூரில் அவர் சரி சொல்லி அனுப்பின விமானம் ஒன்று விழுந்துவிட்டது, அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்று கொட்டகையில் ஒரு கதை ஓடியது. பாவம் மனுஷன் என்று இரக்கப்படவும் ஆரம்பித்தார்கள். எனக்கு இந்தக் குசுகுசுப்பு பிடிக்காது. நேரே போய்க் கேட்டேன். "உம்ம கையில ஏதும் விழுந்துதா?"

"இல்லியே. ஒண்ணுகூட விழல."

"பெறகு ஏன் இப்படி இருக்கீரு?"

"இப்படி இருக்கதுனாலதான் விழல" என்றார். என்னை மடச்சி என்று நினைத்த மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

அவர் மேல் அன்பு வைப்பது லேசு இல்லை. யாருக்கும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்த மாட்டார். என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கிக்கொண்டு உப்பளம் வழியே நடந்தே வந்தார். அதுவும் உண்மை. வந்தவர் மகன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வெளியே போய், வெயிலில் சுட்ட கையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வந்து, மறுபடி வைத்துப் பார்த்தார். "இப்பதான் சரியாத் தெரியுது. சூடு குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பைலட் குடகுக்காரர். யுத்தத்தில் பறந்தவர். சிப்பாய்களிடம் கற்ற தமிழ். ஆள் நெட்டை, எப்போதும் சிரித்த முகம். முதல் தடவை விமானத்தை வெறுமனே மேலே எடுத்தபோது ஊர் பூராவும் உப்பள வரப்பில் வந்து நின்றது. விமானம் ஓடியது, வால் தூக்கியது, தரையை விட்டது. ஜனங்கள் போட்ட சத்தத்தில் கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, பூப்போல இறங்கியது. அண்ணாச்சி மாலையோடு ஓடினார். நம்மவர் மாலையை வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பைலட்டைப் பார்த்து, "மறுக்கா" என்றார். பைலட் சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினார்.

அண்ணாச்சி பைலட்டிடம் பிறகு கேட்டார்: "இந்த மனுசன் இப்படிப் பயப்படுதாரே, உமக்குப் பயமா இல்லியா?"

"எனக்கு பயம் இல்ல" என்றார் பைலட். "எல்லா பயமும் இவர் வச்சிருக்கார். எனக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல."

அடுத்தது பாரம் ஏற்றிப் பறந்து காட்ட வேண்டும். நாற்காலியில் ஆள் உட்காரும் இடத்தில் அத்தனை எடைக்கு மூட்டை வைத்துப் பறப்பார்கள். முன்னால் பாரம், பின்னால் பாரம், ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு முழுப் பாரம். இது எல்லாம் ஒழுங்காக வந்தால் மதராஸிலிருந்து அரசாங்க அதிகாரி வந்து பார்த்து, ஆள் ஏற்றலாம் என்று அனுமதி கொடுப்பார். கொடுக்காவிட்டால் அது வெறும் தகரம்.

எதை மூட்டை கட்டுவது? எவரும் ஒரு கணம் யோசிக்கவில்லை. கொட்டகையை விட்டு இறங்கினால் உப்பளம். "எங்கிட்ட உப்புக்கா பஞ்சம்?" என்றார் அண்ணாச்சி. வண்டி வண்டியாக உப்பு மூட்டை வந்தது. நம்மவர் ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு தடவை எடை போட்டார். சாக்குத் தையல் பிரிகிறதா என்று என்னை விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருப்பதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கால் வைக்கிற இடமெல்லாம் உப்பாக இருக்கிற ஊரில் உப்பை யார் பார்ப்பார்கள்?

சோதனை எல்லாம் நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் ஒவ்வொன்றையும் மறுக்கா செய்யச் சொன்னார். ஒரு வாரத்தில் முடிய வேண்டியது மாதத்தைத் தாண்டியது. மூட்டைகள் விமானத்துக்குள்ளேயே கிடந்தன. ஐப்பசி பிறந்தது. கடலிலிருந்து ஈரக்காற்று வரத் தொடங்கியது. வீட்டில் உப்புப் பானை அடியில் தண்ணீர் கட்டுகிற காலம்.

கடைசிச் சோதனையும் முடிந்தது. திங்கட்கிழமை அதிகாரி வருகிறார். அண்ணாச்சி ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. கொழும்பில் அவருடைய கூட்டாளிகள் கொட்டுமேளத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். இலையில் உட்காரும்போது அவர் வந்து நின்றார்.

"தரைப் பலகையைத் தூக்கணும்."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. "எதுக்கு? நல்லாத்தான பறந்துது!" என்று நானே கத்தினேன்.

"அதுக்குத்தான்."

சோற்றில் வைத்த கையைக் கழுவிவிட்டுப் போனோம். மூட்டைகளை இறக்கினோம். சாக்குகளின் அடிப்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. பலகையின் திருகுகளைக் கழற்றித் தூக்கினார்கள். கீழே, விமானத்தின் அடிவயிற்றில், அலுமினியத் தகட்டின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பொங்கலுக்குக் கோலம் போட்ட மாதிரி. அதன் நடுவே ஓடுகிற எஃகுக் கம்பிவடங்கள், பைலட் கையிலிருந்து வால் வரை போகிறவை, துரு ஏறிச் சிவந்திருந்தன. ஒரு கப்பி சுழலவே இல்லை.

அவர் மண்டியிட்டு, வெள்ளையை விரலில் தொட்டு, நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

பைலட் தலையைச் சொறிந்தார். "எனக்கு முதல் நாளே ஒரு மாதிரி இருந்தது. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் உப்புதானே, வழக்கம் போலன்னு நினைச்சேன்."

"நீரு ஒருத்தர்தான் வெளியூரு. நீரு கேட்டிருக்கணும்" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"அவரை ஏன் ஏசுத? உப்புன்னு தெரிஞ்சும் ஏத்தினவன் நான். பலகைக்குக் கீழ கம்பி ஓடுதுன்னு தெரிஞ்சவனும் நான். மறுக்கா மறுக்கான்னு அதை மாசக்கணக்குல உள்ள வச்சிருந்ததும் நான்." நம்மவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். தந்தியாபீசுக்குப் போய், அதிகாரி வர வேண்டாம், விமானம் தயாராக இல்லை என்று தந்தி அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சொன்னார்.

அண்ணாச்சி அவருக்கு முன்னால் காரில் கொட்டகைக்கு வந்துவிட்டார். அவர் சைக்கிளில் வந்து இறங்கக்கூட விடவில்லை.

"எவன்வே உம்மைத் தந்தி அடிக்கச் சொன்னான்? பலகையை மூடும்! அதிகாரி பலகையைத் தூக்கியா பாக்கப் போறாரு?"

"அவரு பாக்க மாட்டாரு."

"பெறகென்ன?"

"கடலுக்கு நடுவுல கம்பி அறுந்தா அப்ப எல்லாரும் பாப்பாங்க. பாத்து வந்து சொல்லத்தான் ஆள் இருக்காது."

"ஊரு சிரிக்கும்வே! கொழும்புல மாலையோட நிப்பானுவ!"

"அந்த மாலையை வேற எவன் கழுத்துலயாவது போடச் சொல்லுங்க."

அண்ணாச்சிக்கு முகம் செம்பருத்தியாகிவிட்டது. நாளைக்கே பம்பாய்க்காரனுக்குத் தந்தி அடித்துப் பழைய தகரமாக விற்றுவிடுவேன் என்றார். கொட்டகையே நடுங்கியது. எத்தனை குடும்பத்தின் அடுப்பு அதில் எரிந்துகொண்டிருந்தது! அவருக்கு அடுப்பு இல்லை. அவருக்கு இருந்தது அந்த ஒரு விமானம். யுத்த காலம் முழுக்க அடுத்தவன் கட்டினதைப் பழுதுபார்த்தவர், தான் கட்டின ஒன்றில் ஜனங்கள் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர். அது போனால் மறுபடி ஒன்று கிடைக்காது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். சாய்ந்ததா என்று ஆட்டிப் பார்த்தார்.

"வித்துருங்க அண்ணாச்சி. உங்க பொருளு. விக்க முந்தி ஒரு காரியம் செய்யுங்க. நாளைக்குக் காலையில வந்து, எங்கெங்க உப்பு ஏறியிருக்குன்னு ஒவ்வொண்ணா எனக்குக் காட்டுங்க. இங்க எல்லாருக்கும் மச்சான் உண்டு, எனக்கு இல்ல. என் வேலையைப் பாக்க ஆள் இல்லாமத்தான் இது இப்படி ஆச்சு."

"நீரு கடற்கரை, நான் பனங்காடு. நானும் நீரும் எந்த வழில மச்சான்?"

"குறை சொல்லுத வழில. இந்த ஊர்ல உங்களைவிடக் குறை சொல்லத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?"

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்கவில்லை. அண்ணாச்சி என்னை முறைத்தார். நான் திருப்பி முறைத்தேன். கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் வந்தார். எவ்வளவு நாசமாகியிருக்கிறது என்று நிரூபிப்பதற்குத்தான் வந்தார். டார்ச் லைட்டோடு உள்ளே போனார். "இங்கன பாரும்! இங்கன பாரும்!" என்று அவர் சத்தம் மட்டும் கேட்டது. மத்தியானம் போய்ப் பார்த்தால் ஜிப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விமானத்தின் அடிவயிற்றில் கவிழ்ந்து கிடக்கிறார். மூட்டை மிளகாயில் ஒரு பூச்சி வற்றலை எடுத்துக் காட்டுகிற கண் அது. நம்மவர் கண்ணுக்குத் தப்பின இரண்டு இடங்களை அவர் பிடித்தார். பிடித்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பம்பாய்க்காரன் பேச்சே வரவில்லை. தினமும் கடையை அடைத்துவிட்டு வந்து நம்மவர் வேலையில் குறை சொன்னார். நம்மவர் "ஆமா, மறுக்கா செய்யுதேன்" என்பார். அவர் தனக்கே அதைச் சொல்லிக்கொண்டதை அப்போதுதான் கேட்டேன்.

உப்பை எடுக்க வேண்டும் என்றால் கழுவ வேண்டும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கொட்டகைக் கிணறு உவர். ஊரிலோ குழாயடியில் ஒரு குடத்துக்கு ஒரு சண்டை. நாலு வண்டி நல்ல தண்ணீர் பிடித்துத் தர முடியுமா என்று நம்மவர் என்னைக் கேட்டார்.

"பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. உம்ம ஏரோப்ளேனுக்குக் குளிக்க வேணுமோ? நான் கேக்க மாட்டேன். நீரு போய்க் குழாயடில கேளும், துடைப்பம் கிடைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே படவில்லை. "நீ சொல்லுதது சரி" என்றார். அவர் யாரிடமும் சரி என்று சொன்னதை நான் கேட்டதில்லை. பிறகு வெளியே வந்து வடகிழக்கில் வானத்தைப் பார்த்தார்.

துணி போர்த்தின பாகங்களைக் கழற்றி உள்ளே வைத்தோம். எஞ்சின்களைத் தார்ப்பாயால் கட்டினார்கள். தரைப் பலகை எல்லாம் எடுத்து, அடிவயிற்றில் தண்ணீர் வடிய மூடிகளைத் திறந்து வைத்தார். மேலே விமானத்தின் கூரையில் இருந்த இரண்டு தகடுகளையும் கழற்றச் சொன்னார். காத்திருந்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தபோது உப்பளத்தில் ஆண்களும் பெண்களும் ஓலையைத் தூக்கிக்கொண்டு உப்பு அம்பாரங்களை மூட ஓடினார்கள். இவர், "தள்ளுங்கலே!" என்றார். நாங்கள் எல்லாரும் கொட்டகையிலிருந்த விமானத்தை வெளியே தள்ளினோம். ஓலையோடு ஓடின ஒருவன் நின்று கத்தினான்: "ஏலே, உங்களுக்குக் கிறுக்கா? மழைக்கு உள்ள தள்ளாம வெளிய தள்ளுதீங்க!"

மழை கொட்டியது. அவர் விமானத்துக்குள் நின்று, கூரை வழியே விழுகிற தண்ணீரைத் தென்னந்துடைப்பத்தால் மூலை மூலையாகத் தள்ளினார். அண்ணாச்சி வெளியே குடையோடு குனிந்து, வடிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி, நாக்கில் வைத்துத் துப்பி, "இன்னும் கரிக்கு! இன்னும் கரிக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார். மழை விட்டு விட்டுப் பெய்த நாளெல்லாம் இதே வேலை. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி துப்பாமல் விழுங்கினார். "இனிக்குவே" என்றார். நம்மவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பிறகு வேலை. அரித்த தகடுகளை வெட்டி எடுத்துப் புதிதாக அடித்தார்கள். கம்பிவடம் அத்தனையும் புதிது. பாரத்துக்கு இந்தத் தடவை ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்று மணல் எடுத்து, காயவைத்து, மூட்டை கட்டினோம். அண்ணாச்சி ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சிட்டிகை எடுத்து ருசி பார்த்தார். பைலட் இப்போது எதைப் பார்த்தாலும் "இது ஊர் வழக்கமா, தப்பா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நாத்தனார் என் தையல் பூராவையும் முதலிலிருந்து பார்த்து ஒரு குறையும் சொல்லவில்லை. அது எனக்குப் பயமாக இருந்ததால் நானே இரண்டு இடத்தைப் பிரித்துத் தைத்தேன்.

அறுவடை முடிந்து அதிகாரி வந்தார். நம்மவர் அவரை முதலில் அழைத்துக்கொண்டு போய் உப்பு ஏறின இடங்களைத்தான் காட்டினார். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி நாள் முழுக்கப் பார்த்தார், பறந்து பார்த்தார், அனுமதி கொடுத்தார்.

அந்த விமானம் கொழும்புக்கும் திருச்சிக்கும் சில வருஷம் போய் வந்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் படவில்லை. பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன. அண்ணாச்சி அதை வடக்கே விற்றார். நம்மவர் விமானத்தோடு போய்விட்டார். போகும்போது எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கே செத்தார், எந்தக் கல்லறை, எதுவும் தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர் மேல் ஆத்திரம்தான் வருகிறது. எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்தவருக்கு ஒரு தடவை சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

கொழும்புக்குப் பறக்க ஆரம்பிக்கும் முன்னால் ஒரு நாள், காசு கொடுத்த ஆள் ஏறுவதற்கு முந்தி அதைக் கட்டின ஆள்தான் ஏற வேண்டும் என்று சொல்லி எங்களை ஏற்றினார். செய்தவனும் அவன் வேலையைப் பார்த்தவனும் பக்கத்தில் பக்கத்தில். எனக்குப் பக்கத்தில் நாத்தனார். நடைவழிக்கு அந்தப் பக்கம் அவரும் அண்ணாச்சியும். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். எஞ்சின் உறுமியதும் நாத்தனார் என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல். தரை ஓடியது, அதிர்ந்தது, சட்டென்று அதிர்ச்சி நின்றது. ஜன்னலில் தரை சாய்ந்து கீழே போனது.

நான் கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து, ஒரு உள்ளங்கையைத் தரைப் பலகையில் பதித்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

"இங்கன பாரும்! ஊரு தெரியுது, கோயில் தெரியுது! இதைப் பாக்காம என்னத்தைக் குனிஞ்சு பாக்கீரு?"

அவர் நிமிரவில்லை.

"நீ பாரு ஏளா. நான் இதைப் பாத்துக்கிடுதேன்."

நான் பார்த்தேன். உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. தோணிகள் எறும்பாக நின்றன. கடலுக்குள், முத்துச்சிப்பி விளைகிற பார்கள் இருக்கிற இடத்தில், தண்ணீர் பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. என் அப்பன் முத்துக்குளிக்க மூழ்கின இடம், என் புருஷன் பாய் விரித்த இடம் எல்லாம் ஒரே பார்வையில். இறங்கும் வரைக்கும் நான் கண்ணை எடுக்கவே இல்லை.